தட்டிப் பார்க்காத நிரை

1. மெஷின்

மெஷினைத் தூக்கிய முதல் நாள் முனியாண்டி கங்காணி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு எத்தன வெரலு?" என்பதுதான்.

"பத்து" என்றேன்.

"சாயங்காலம் வீட்டுக்குப் போறப்பவும் பத்துன்னு சொல்லணும் லா. சொல்ல முடியலன்னா நீ நாளைக்கு வேலைக்கு வர வேணாம், நான் ஆஸ்பத்திரிக்கு வரேன்."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளைகளே, உங்கள் பாடப் புத்தகத்தில் தேயிலைத் தோட்டம் என்றால் ஒரு படம் இருக்கும். முதுகில் கூடை மாட்டிய ஓர் அம்மா இரண்டு விரலால் கொழுந்தைக் கிள்ளுவார். நம் கேமரன் மலையில் இப்போது அப்படிக் கிள்ளுகிறவர்கள் மிகக் குறைவு. சரிவு அதிகமான இடத்தில் கத்தரியால் வெட்டுவோம். கொஞ்சம் சமமான இடத்தில் மெஷின். நான் பதினோரு வருடம் மெஷின் ஆளாக இருந்தேன். இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றுவரை படித்தவன். பள்ளி மலருக்கு வேலையைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று உங்கள் தலைமையாசிரியை கேட்டபோது, "எனக்கு வேலைதான் தெரியும், எழுத வராது டீச்சர்" என்றேன். "வேலையில நடந்தத எழுதுங்க, போதும்" என்றார். நடந்ததை எழுதுகிறேன்.

தேயிலைச் செடிகள் வரிசையாக இருக்கும். ஒரு வரிசையை நாங்கள் நிரை என்போம். நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று, செடியின் தலைக்கு மேலே மெஷினைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அடியில் பல்பல்லாக நீளமான கத்தி. முடி வெட்டும் கடையில் பின்கழுத்தில் ஓட்டுவார்களே, அதையே ஒரு கட்டில் அகலத்துக்குச் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி. வெட்டிய கொழுந்தைக் காற்று ஊதிப் பின்னால் தொங்கும் பைக்குள் தள்ளும். இன்ஜின் சத்தத்தில் எதிரில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. காதில் மூடி வேறு போட்டிருப்போம்.

கங்காணி மூன்று சட்டம் சொன்னார். இன்ஜினை நிறுத்தாமல் கத்திப் பக்கம் கை போகக் கூடாது. ஒருத்தன் தன் பக்கத்தைத் தூக்கினால் மற்றவனும் உடனே தூக்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. மூன்றாவது, ஒரு நிரையை வெட்டுவதற்கு முன்னால் ஒருவர் குச்சியால் செடிகளைத் தட்டிக்கொண்டே கடைசிவரை நடந்து பார்க்க வேண்டும். குளவிக்கூடு இருக்கலாம், பாம்பு இருக்கலாம். தட்டினால் தெரிந்துவிடும்.

எனக்கு ஜோடியாக மெஷின் பிடித்தவன் ரஹீம். வங்காளதேசத்துக்காரன், என்னைவிட எட்டு வயது சின்னவன். எங்களோடு இருந்து இருந்தே தமிழ் கற்றுக்கொண்டான். மரியாதைச் சொல்லை மட்டும் யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கங்காணியையே "முனியாண்டி, நீ சாப்டியா?" என்பான். ஒரு தடவை தட்டாமல் விட்ட நிரையில் குளவி கொட்டி, இரண்டு கண்ணும் மூடிப்போகும் அளவுக்கு அவன் முகம் வீங்கியது. அதன் பிறகு அவன் தட்டுகிற தட்டில் செடியே முறிந்துவிடும் போலிருக்கும்.

2. 'தூங்குவார்'

என் மனைவி சாந்தி கம்போங் ராஜாவில் பூ கட்டி அனுப்பும் இடத்தில் வேலை செய்கிறாள். விடிவதற்கு முன்பே வேன் வந்துவிடும். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். இந்தச் சம்பவம் நடந்தபோது தர்ஷினிக்கு ஆறு வயது, கவினுக்கு மூன்று. காலையில் இரண்டு பேரையும் பாதித் தூக்கத்தில் மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நான் மலைக்குப் போவேன். தர்ஷினியை அங்கிருந்து பாலர் பள்ளிக்கு அனுப்புவார்கள். மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கி வரும் மாதங்களில் ஓவர்டைம் இருக்கும். வீட்டுக்கு வந்து குளித்து, சுவரில் சாய்ந்து உட்காருவேன். தர்ஷினி புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுவாள். அவள் இரண்டாவது பக்கத்தைத் திருப்புவதற்குள் எனக்குத் தலை சாய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருந்தது. துணி துவைப்பது, ரிங்லெட் டவுனில் சாமான் வாங்குவது, மோட்டார் ரிப்பேர் என்று அதுவும் போய்விடும்.

ஒரு நாள் பாலர் பள்ளி ஆசிரியை என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"அப்பா என்ன வேல செய்றாருன்னு எல்லாப் புள்ளைங்ககிட்டயும் கேட்டேன். ஒங்க மக என்ன சொன்னா தெரியுமா? தூங்குவாருன்னு சொல்றா."

நானும் சிரித்தேன். மோட்டாரை எடுத்துக்கொண்டு தோட்டச் சாலையில் ஏறும்போது சிரிப்பு போய்விட்டது. பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பின் என்னைப் பற்றிச் சொல்ல அந்த ஒரு சொல்தான் இருக்குமோ என்று பயம் வந்தது.

அன்று சாயங்காலமே ஒரு விளையாட்டைத் தொடங்கினேன். புதிதாக எதையும் யோசிக்க உடம்பில் தெம்பு இல்லை. கைக்குத் தெரிந்ததை வைத்தே விளையாடினேன். தர்ஷினி போர்வைக்குள் குந்தி உட்கார்ந்துகொள்வாள். அவள் செடி. நான் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, "டர்ர்ர்" என்று மெஷின் சத்தம் போட்டுக்கொண்டு மெல்ல நடந்து வருவேன். நான் மிகவும் கிட்டே வந்த பிறகுதான் அவள் எழ வேண்டும். இரண்டு கையையும் தூக்கி, நடுவில் தலையை நீட்டி, "ரெண்டு எல, ஒரு மொட்டு" என்பாள். உடனே நான் அவளை வெட்டிப் பைக்குள் போடுவதுபோலத் தூக்கி மெத்தையில் போடுவேன். எவ்வளவு கிட்டே வரவிட்டு எழுகிறாளோ அவ்வளவு சிரிப்பு. கவினுக்கும் கற்றுக்கொடுத்தாள்.

சாந்திகூட, "இப்பதான் வீட்ல ஒரு ஆம்பள இருக்கிற சத்தம் கேக்குது" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

3. லோரியில் உட்கார்ந்துகொள்வாள்

பள்ளி விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை, ஆயா தாப்பாவில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டார். கொட்டகை பூட்டிக் கிடந்தது. சாந்தி தனக்கு லீவு கிடைக்காது என்றாள். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா, "சின்னவன வேணா விட்டுட்டுப் போ தம்பி. ரெண்டு பேரப் பாக்க எனக்கு இடுப்பு கெடையாது" என்றார்.

கவினை விட்டுவிட்டு, தர்ஷினியை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கங்காணி பார்த்தார். "என்னா இது, புது ஆளா?"

"இன்னிக்கு ஒரு நாளு மட்டும் ண்ணே. ஆயா இல்ல."

"மலைக்குப் புள்ளைங்க வரக் கூடாதுன்னு தெரியுமா தெரியாதா? மேனேஜர் துரை பாத்தா?"

"லோரிக்குள்ளயே உக்காந்துக்குவா. எறங்க மாட்டா."

கங்காணி தர்ஷினியின் பக்கம் குனிந்தார். "எறங்க மாட்டியா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"நான் எதையும் பாக்கல" என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் போனார்.

லோரி ஓட்டும் சேகர் அவளுக்கு ஒரு ரொட்டிப் பாக்கெட் கொடுத்து முன் சீட்டில் உட்காரவைத்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. மகளே நேரில் வந்து நான் வேலை செய்வதைப் பார்க்கிறாள். ஒவ்வொரு நிரை முடிந்து திரும்பும்போதும் லோரிப் பக்கம் கையைக் காட்டினேன். அவளும் கண்ணாடிக்குள்ளிருந்து காட்டினாள். மத்தியானம் லோரிக்குள்ளேயே இரண்டு பேரும் சாப்பிட்டோம். சீக்கிரம் முடித்தால் பிரிஞ்சாங் இரவுச் சந்தைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னேன்.

"சோளம் வாங்கித் தருவியா?"

"ரெண்டு."

4. பனி இறங்கிய பிறகு

இரண்டு மணிக்கு மேல் பனி இறங்கியது. நம் மலையில் அது எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். எதிர் மலை போகும், பிறகு சாலை போகும், பிறகு பக்கத்து நிரை போகும். கடைசியில் மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ரஹீம் மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தான். இன்னும் நான்கு நிரை இருந்தது.

இனி எழுதப்போவதில் பாதி எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஆனாலும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மழை வருகிறது, இருக்கிற கொழுந்தை உடனே இறக்குங்கள் என்று ஃபேக்டரியிலிருந்து சேகருக்குப் போன் வந்திருக்கிறது. ஃபேக்டரிக்குக் குழந்தையை ஏற்றிக்கொண்டு போக முடியாது, அங்கேதான் துரை ஆபீஸ். சேகர் ஹாரனை இரண்டு தரம் அடித்திருக்கிறார். மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பனிக்குள் நான் கையைத் தூக்கியதைப் பார்த்து, நான் சரி என்று சொன்னதாக நினைத்துக்கொண்டார். நான் நெற்றியைத் துடைத்திருப்பேன். அவர் தர்ஷினியைச் சாலையோரம் காலிச் சாக்குகளின் மேல் உட்காரவைத்து, "அப்பா இங்கதான் வருவாரு, ஆடாம இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் பனியில் அவள் கண்ணுக்கு எதுவுமே தெரியாமல் போனது. மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அவள் சத்தம் வந்த பக்கம் நடந்தாள். செடிகள் அவள் தலைக்கு மேல் இருந்தன. குனிந்து பார்த்தபோது செடிக்கு அடியில் பனி இல்லை. அங்கே இலை கிடையாது, தண்டுகள் மட்டும்தான். நீளமான பாதை போல இருந்தது என்று பிறகு சொன்னாள். அந்தப் பாதையில் தவழ்ந்து போனாள். தூரத்தில் இரண்டு ஜோடி பூட்ஸ் தெரிந்தது. ஒன்றில் கிழிந்த இடத்துக்கு அம்மா சுற்றிய கறுப்பு டேப். அப்பா.

மெஷின் வருகிறது, அப்பா வருகிறார், அவள் செடிக்கு அடியில் இருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த விளையாட்டு இதுதான். எங்களுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு செடி தள்ளி, ஒரு செடியின் அடியில் குந்தி உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது என் பக்கம். அந்த நான்கில் முதல் இரண்டு நிரைகளைத் தட்டிப் பார்த்துத்தான் வெட்டினோம். மூன்றாவது நிரையின் முனைக்கு வந்து திரும்பியதும் ரஹீம் குச்சியை எடுக்கக் குனிந்தான். நான் காது மூடியை நகர்த்திவிட்டு, "வேணாம் வா" என்றேன்.

"இந்த நிர தட்டல."

"காலைலேருந்து ஒரு குளவிகூட இல்ல. பனில எந்தக் குளவி வரப்போவுது? எம்மக காத்துக்கிட்டு இருக்கா."

"நீ மொகம் வீங்கல. நான் வீங்குனது" என்றான். ஆனாலும் மெஷினைத் தூக்கினான். நான் மூத்தவன், நான் சொன்னால் அவன் கேட்பான்.

பாதி நிரை போயிருப்போம். ரஹீம் திடீரென்று தன் பக்கத்தைத் தூக்கினான். மெஷின் என் பக்கமாகச் சாய்ந்தது. ஒருத்தன் தூக்கினால் மற்றவனும் தூக்க வேண்டும். பல வருடமாகப் புது ஆட்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த சட்டம். நான் தூக்கவில்லை. அவனுக்குக் கை வலிக்கிறது, இன்னும் பாதி நிரைதானே என்று நினைத்து, என் பக்கத்தை அழுத்திப் பிடித்து முன்னால் இழுத்தேன். அரை அடி இருக்கும்.

பிள்ளைகளே, அந்த அரை அடி இன்றைக்கும் என் தூக்கத்தில் வருகிறது.

ரஹீம் வாய் திறந்து கத்தினான். எனக்குக் கேட்கவில்லை. இன்ஜின் சுவிட்ச் அவன் பக்கம். அதை அடித்து நிறுத்தினான். கத்தி இரண்டு மூன்று தரம் இழுத்துவிட்டு நின்றது. நான் காது மூடியைப் பிடுங்கி, "பைத்தியமா ஒனக்கு?" என்றேன்.

"காத்து இல்ல" என்றான். அவன் உதடு வெளுத்திருந்தது. "காத்து இல்ல, செடி ஆடுது."

கத்திக்கு நேர் கீழே, மெஷின் பாதி மூடியிருந்த செடிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்ப்பா நிப்பாட்டிட்ட? நான் இன்னும் மொளைக்கவே இல்ல."

5. சொல்லாதே

மெஷினை எப்படி இறக்கி வைத்தோம் என்று நினைவில்லை. செடியை விலக்கி அவளை வெளியே இழுத்தேன். தலை, கழுத்து, கை, விரல் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். கன்னத்தில் குச்சி கீறிய ஒரு கோடு, அவ்வளவுதான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளை அறைந்தேன். ஒன்றல்ல, இரண்டு. அதற்கு முன் நான் அவள்மேல் கை வைத்ததே இல்லை. அவள் அழவில்லை. நின்ற இடத்திலேயே அவள் கால்சட்டை நனைந்தது.

மூன்றாவது தரம் என் கை மேலே போனபோது ரஹீம் அதைப் பிடித்துக்கொண்டான்.

"நீ தட்டல" என்றான். "அவள அடிக்காத. நீ தட்டல."

ரஹீமுக்கும் ஊரில் ஒரு மகள். அவள் பிறந்த பிறகு அவன் ஒரே ஒரு தடவைதான் ஊருக்குப் போய் வந்திருந்தான். அவனைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. தர்ஷினி என்னிடம் வரவில்லை. அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சத்தம் நின்றதைக் கேட்டு கங்காணி ஓடிவந்தார். பார்த்ததும் புரிந்துகொண்டார். அப்படியே நிரைக்கு நடுவில் ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்னும் ஆவல இல்ல? அப்ப ஒன்னும் நடக்கல. யாரும் வாயத் தெறக்காதீங்க. எனக்கு ரிட்டயர் ஆவ ரெண்டு வருசம் இருக்கு லா."

வீட்டுக்கு மோட்டாரில் போகும்போது நான் தர்ஷினியிடம், "அம்மாகிட்ட சொல்லாதம்மா" என்றேன்.

"எத?"

"எதையும்."

அவள் சொல்லவில்லை. மூன்று நாள் அவள் எதையுமே சொல்லவில்லை. பசி என்றுகூடச் சொல்லவில்லை. என் மோட்டார் சத்தம் கேட்டால் எழுந்து சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். சாந்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, உள்காய்ச்சல் என்று இஞ்சி கஷாயம் வைத்துக் கொடுத்தாள். தர்ஷினி மடக்கு மடக்காகக் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். மலையில் ரஹீம் ஒவ்வொரு நிரையையும் இரண்டு தரம் தட்டினான். மலையில் அன்றைக்கு வந்தது ஒரு நிமிடப் பயம். வீட்டில் வந்தது அப்படியில்லை. காலையில் எழும்போதே கூட எழுந்தது. மகள் பிழைத்துவிட்டாள், ஆனால் என் வீட்டில் என்னைக் கண்டு பயப்படும் ஒரு பிள்ளையை நானே உண்டாக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாந்தி அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கவின் போர்வைக்குள் போய்க் குந்திக்கொண்டு, "அப்பா, டர்ர்ர்" என்றான். நான் அசையவில்லை. அவன் காத்திருந்து பார்த்துவிட்டு, தானே இரண்டு கையையும் தூக்கினான்.

தர்ஷினி பாய்ந்து போய் அவன் கைகளைப் பிடித்துக் கீழே அழுத்தினாள்.

"கையத் தூக்காதடா. அப்பா வெட்டிடுவாரு. நெசமாவே வெட்டிடுவாரு."

சாந்தி ஈரக் கையோடு வந்து நின்றாள். முதலில் தர்ஷினியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னங்க நடந்திச்சி?"

சொன்னேன். தட்டாமல் விட்டதைச் சொன்னேன், அந்த அரை அடியைச் சொன்னேன், அறைந்ததைச் சொன்னேன். சொல்லாதே என்று பிள்ளையிடம் சொன்னதையும் சொன்னேன்.

"வேசாழக்கெழம நடந்ததா? மூணு நாளா இவளுக்குக் காச்சல்னு நெனச்சி நான் கஷாயம் ஊத்திக்கிட்டு இருக்கேன். நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க."

என்னை அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து தர்ஷினியை மடியில் இழுத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"லீவு கெடைக்காதுன்னு சொன்னேன்ல. நான் கேக்கவே இல்ல. கேட்டா அடுத்த மாசம் வேற ஆளப் போட்டுடுவாங்களோன்னு பயம். நீங்க ஒரு பயத்துல, நான் ஒரு பயத்துல. நடுவுல இவ."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலைல துரைகிட்ட போயி நீங்களே சொல்லுங்க. வேல போனா போவட்டும்" என்றாள்.

6. துரை ஆபீஸ்

இப்போதிருக்கும் துரை வெள்ளைக்காரர் அல்ல, ஈப்போ பக்கத்துத் தமிழர். பெயர் மட்டும் துரை என்றே ஒட்டிக்கொண்டது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கங்காணி பெயரைச் சொல்லாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எனக்கும் அந்த வயசுல ஒரு பொண்ணு இருக்கு" என்று மட்டும் சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு ஆபீஸ் குரலில் பேசினார். "ஒங்கள மெஷின்ல இருந்து எறக்குறேன். ஃபேக்டரில கொழுந்து வாட்டுற எடத்துக்குப் போங்க. காலை ஷிப்ட், ரெண்டு மணிக்கு முடிஞ்சிடும். ஓவர்டைம் இல்ல. இது தண்டனதான், சலுகன்னு நெனைக்காதீங்க."

கங்காணிக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. ஓய்வு பெறும்வரை அவர் என்னோடு பேசவில்லை. நடந்துபோகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது அவருக்கு நியாயம்தான். ரஹீமுக்கு வேறு ஜோடி கிடைத்தான். ஆயாக் கொட்டகைக்கு இரண்டாவது ஆள் போட எட்டு மாதம் ஆனது.

நான் இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். பிள்ளைகளை நானே கொட்டகையிலிருந்து அழைத்துவந்தேன். முதல் நாள் தர்ஷினி, "வேல போச்சா?" என்று கேட்டாள். அது ஒன்றுதான் கேட்டாள். நேரம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நேரம் வந்தது, பிள்ளை வரவில்லை. கவின் என் மடியில் புரளுவான். அவள் கதவோரம் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பாள். நான் கையைக் கொஞ்சம் வேகமாகத் தூக்கினால், சட்டையைக் கழற்றத் தூக்கினாலும், அவள் கண் சிமிட்டும்.

மூன்று மாதம் இருக்கும். ஒரு நாள் மழை. கவின் தூங்கிக்கொண்டிருந்தான். நான் அவள் உட்கார்ந்த இடத்துக்குப் போகாமல், இருந்த இடத்திலிருந்தே சொன்னேன்.

"அன்னிக்கி அப்பா பயந்துபோயி அடிச்சிட்டேன்மா."

அவள் வரைவதை நிறுத்தவில்லை. "நானுந்தான் பயந்தேன்" என்றாள். "நான் யாரையும் அடிக்கல."

"ஆமாம்மா, நீ அடிக்கல" என்றேன். அன்று அவள் தன் கலர் பென்சிலைச் சீவித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். தூரத்திலிருந்து கையை நீட்டித்தான் கொடுத்தாள். மறுநாள் கொஞ்சம் கிட்டே இருந்து கொடுத்தாள்.

7. உங்களுக்கு

நான் கற்றுக்கொண்டது என்ன என்று எழுதச் சொன்னார்கள். வேலையும் பிள்ளையும் இரண்டும் கனம். இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று நினைத்தேன். ஓடும்போது எதைப் பார்க்காமல் விட்டேன் என்பதுதான் ஆபத்தாக முடிந்தது. இது பெரியவர்களுக்கு.

உங்களுக்கு வேறு சொல்கிறேன். அப்பாவோ அம்மாவோ வேலை செய்யும் இடத்துக்குப் போனால் ஒளியாதீர்கள். மெஷின் பக்கத்தில் விளையாட்டு என்று ஒன்று கிடையாது, அந்த விளையாட்டை உங்கள் அப்பாவே கற்றுக்கொடுத்திருந்தாலும். பயந்துபோன பெரியவர் உங்களை அடித்தால், அது உங்கள் தப்பால் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். "இதை வீட்டில் சொல்லாதே" என்று யாராவது சொன்னால், சொல்லுங்கள். சொன்னவர் உங்கள் அப்பாவாக இருந்தாலும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

தர்ஷினி இப்போது உங்கள் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இதைப் பள்ளிக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவளிடம்தான் படிக்கக் கொடுத்தேன். இது அவளுடைய கதையும்தான், அவள் வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டிருப்பேன். ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரலை வைத்துக்கொண்டு படித்தாள். நான் எதிரில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். செடியிலிருந்து அவளை வெளியே எடுத்த இடம் வந்ததும் விரல் நின்றது. அங்கே நான், 'அவளைக் கண்டித்தேன்' என்று எழுதியிருந்தேன்.

"இது இல்லப்பா" என்றாள்.

அழித்துவிட்டு, மேலே நீங்கள் படித்தபடி எழுதினேன். எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு தாள்களை வாங்கி வரிசையாக அடுக்கி, தானே டீச்சரிடம் கொடுப்பதாகச் சொல்லித் தன் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டாள்.